இன்ஸ்பெக்டரின் சைக்கிளும் நிலாவும்

"வெளிய நிக்கிற ஒங்க சைக்கிளக் கொஞ்சம் தாருங்க சார்" என்று சுகிர்தபாய் டீச்சர் கேட்டதும் ஆறாம் வகுப்பு மொத்தமும் வாயைப் பிளந்தது.

கேட்கக்கூடிய ஆளா அவர்? ஸ்கூல் இன்ஸ்பெக்டர் கிருஷ்ணன்குட்டி. தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொல்லும் எல்லைப் போராட்டக்காரர்கள் உதியன்குளங்கரையில் பஸ்ஸை மறித்துவிட்டதால் நெய்யாற்றின்கரையிலிருந்து பாறசாலை வரை வெயிலில் மிதித்து வந்து, வேட்டி நுனியால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். சுகிர்தபாய் பாடத்துக்குக் கேட்டிருந்த பூமி உருண்டையும் அதே பஸ்ஸில் மாட்டிக்கொண்டது. இன்றைய பாடம் அவருக்குப் பிடித்தால் தமிழ் வகுப்பு நிற்கும். பிடிக்காவிட்டால் அடுத்த வருஷம் பிள்ளைகள் மலையாள வகுப்புக்குப் போவார்கள், அவள் வீட்டுக்குப் போவாள். மிஷன் பள்ளி மேனேஜர் காலையிலேயே இதைச் சொல்லி, ஜெபமும் பண்ணிவிட்டுத்தான் போனார். ஆனால் சுகிர்தபாய்க்குப் பயம் எப்போதும் கொஞ்சம் தாமதமாகத்தான் வரும். அதற்குள் காரியத்தை முடித்துவிடுவாள்.

சைக்கிள் உள்ளே வந்தது. ஸ்டாண்டு போட்டு, கிணற்றடிச் செம்மண்ணைப் பிசைந்து பின் டயரில் அப்பினாள்.

"பூமி பண்டு, ரொம்பக் காலத்துக்கு முன்ன, உருகிக் கெடந்ததாக்கும். பம்பரம் தோத்துப்போற வேகம். அந்த வேகத்துல ஒரு துண்டு பிஞ்சு போயி நிலா ஆச்சுன்னு நம்ம புத்தகம் சொல்லுது. பாருங்க மக்கா!"

பெடலைக் கையால் பிடித்துச் சுற்றினாள். மண் பிய்ந்தது. பாதி சுவரில் போய் அப்பியது. மீதி இன்ஸ்பெக்டரின் வெள்ளை ஜிப்பாவில். ஐயோ, போச்சு! ஒரு பிள்ளையும் சிரிக்கவில்லை. இப்போதுதான் அவளுக்குப் பயம் வந்தது. அந்த நேரம் பார்த்து முன் பெஞ்சு விமலகுமாரி எழுந்து நின்றாள்.

"டீச்சர், பிஞ்ச மண்ணு நேரா செவுத்துக்குல்லா போச்சு? நிலா மட்டும் எப்பிடி நம்மளச் சுத்துது?"

புத்தகத்தில் அதற்குப் பதில் இல்லை. ஏதாவது சொல்லி உட்கார வைத்துவிடலாம். சுகிர்தபாய் சுவரைப் பார்த்தாள். மண் அங்கே ஒட்டிக்கொண்டு நின்றது. அதைப் பார்த்துக்கொண்டு பொய் சொல்ல அவளுக்கு நாக்கு வரவில்லை.

"எனக்குத் தெரியாது மக்கா. பூமியும் நிலாவும் ஒரே தூசியில பக்கத்துப் பக்கத்துல உண்டாச்சுன்னு சொல்லுறவிய உண்டு. எங்கேயோ போன நிலாவ பூமி புடிச்சு வச்சுக்கிட்டுதுன்னு சொல்லுறவியளும் உண்டு. எல்லாத்துலயும் ஒரு ஓட்டை இருக்கு."

இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்தார். "டீச்சருக்குத் தெரியாதுன்னு ரிப்போர்ட்டில எழுதட்டா?"

"எழுதுங்க சார். ஒலகத்துல ஒருத்தருக்கும் இதுவரை தெரியாதுன்னும் சேத்து எழுதுங்க."

சொல்லிவிட்டு நிமிர்ந்தே நின்றாள். வேலை போனால் போகட்டும், இந்தப் பிள்ளைகள் முன்னால் பொய் சொல்லி முழிக்க வேண்டியதில்லை.

அவர் எழுதவில்லை. சுவரைப் பார்த்தார். தன் ஜிப்பாவைப் பார்த்தார். சைக்கிளைப் பார்த்தார். பிறகு பேனாவை மூடி பெஞ்சில் வைத்துவிட்டு, வேட்டியை மடித்துக்கட்டிச் சக்கரத்தின் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தார்.

"ஸ்பீடு போரா, பத்தாது டீச்சரே. மெதுவாச் சுத்தினா அது செவுத்துக்குத்தான் போவும். வேகம் கூட்டினா சுத்தி வருமான்னு பாக்கலாம். மண்ணு இங்க எடுங்கோ."

ஒரு கை நிறைய மண்ணை அப்பி, பெடலை இரண்டு கையாலும் பிடித்தார். பிள்ளைகள் பெஞ்சுகளை இழுத்துக்கொண்டு பின்னால் ஓடினார்கள். சுகிர்தபாய் மட்டும் நகரவில்லை. சக்கரம் உறுமியது, கம்பிகள் கண்ணுக்குத் தெரியாமல் போயின, டயரின் மேல் அந்தச் செம்மண் கட்டி இன்னும் பிடியை விடாமல் சுற்றிக்கொண்டிருந்தது.