நாலைத் தாண்டிய அஞ்சு

அலுவலகத்தில் எனக்குப் பூதக்கண்ணாடி என்று பட்டப்பெயர். காப்பீட்டு நிறுவனத்தில் இழப்பீடு கேட்டு வரும் மனுக்களைச் சரிபார்ப்பது என் வேலை. கடை எரிந்துவிட்டது என்பார்கள். எரிவதற்கு முந்தின நாளே சரக்கு வேறு இடத்துக்குப் போயிருக்கும். கார் மரத்தில் மோதியது என்பார்கள். அந்தத் தெருவில் மரமே இருக்காது. பதினெட்டு வருஷமாக ஊரார் எழுதும் பொய்யைப் படித்துத்தான் சம்பளம் வாங்குகிறேன். பக்கத்து மேஜைக்காரர் எந்த மனுவைப் பார்த்தாலும் "பாவம்" என்பார். அவருக்கே பாவம் என்று பெயர் நிலைத்துவிட்டது. அவர் சரி என்று அனுப்பியதில் பாதி என் மேஜைக்குத் திரும்பி வரும்.

என் வீட்டுக்காரருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் வேலை. எதிரே வருகிறவன் ஒழுங்காகத்தான் வருவான் என்று நம்பாமல் ரோட்டில் இறங்க முடியாது என்பது அவர் கட்சி. நான் எதிர்க்கட்சி. இந்த இரண்டுக்கும் நடுவில் வளர்ந்தவள் எங்கள் ஒரே மகள்.

அவளுக்குக் கால்நடை மருத்துவம் படித்தே ஆக வேண்டும். அந்தக் கல்லூரியில் மொத்தமே அறுபது இடம். முடிவு வந்த அன்று மூன்று பேரும் ஒரே திரையில் மூக்கை வைத்துத் தேடினோம். தேர்வானவர்களில் அவள் பெயர் இல்லை. தேர்வாகாதவர்களிலும் இல்லை. காத்திருப்போர் பட்டியல் என்று ஒன்று தனியாக இருந்தது. அதில் நாலாவது பெயர் அவளுடையது. மதில்மேல் பூனையாக உட்கார வைத்துவிட்டார்கள்.

"நாலு நல்ல நம்பர்தாம்மா. போன வருஷம் ஒன்பது வரைக்கும் கூப்பிட்டிருக்காங்க" என்றாள்.

"போன வருஷக் கதைக்கு இந்த வருஷம் யார் பொறுப்பு?" என்றேன் நான்.

கைக்காவலுக்கு வேறொரு கல்லூரியில் விலங்கியலில் சேர்த்துவைத்தோம். கால்நடைக் கல்லூரியின் படிவத்தில் நான் ஏற்கெனவே என் கைபேசி எண்ணைத்தான் கொடுக்கவைத்திருந்தேன். இவள் ஃபோன் எந்நேரமும் சத்தமில்லாமல் எங்காவது தலையணைக்கு அடியில் கிடக்கும். பிள்ளையின் எதிர்காலத்தைத் தலையணைக்கு அடியில் விடுகிற ஆள் நான் இல்லை.

காத்திருப்பது அவளுக்குக் கைவந்தது, எனக்கு வரவில்லை. தெருக்கோடியில் இருக்கும் விலங்கு மருத்துவமனைக்குத் தினமும் போய், ஊசி போடும்போது நாய்களைப் பிடித்துக்கொள்ளும் வேலையைத் தானாக ஏற்றுக்கொண்டாள். கையெல்லாம் கீறலோடு வருவாள். வயிறாரச் சாப்பிடுவாள். ஃபோனில் யாரிடமோ சிரிப்பாள். தவித்துக் கிடக்க வேண்டிய பிள்ளை இப்படியா சிரிக்கும்? இவளுக்கு உண்மையிலேயே இடம் வேண்டுமா என்றே எனக்குச் சந்தேகம் வந்தது. பட்டியலை அவள் காலையில் ஒரு தரம் பார்த்தால் நான் அலுவலகத்தில் பத்து தரம் பார்த்தேன். நாலு நாலாகவே இருந்தது.

இரண்டாவது வாரம் வியாழக்கிழமை, பதினோரு மணி இருக்கும். தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு. இளவயதுக் குரல்.

"மேடம், சேர்க்கைப் பிரிவுல இருந்து பேசறேன். உங்க பொண்ணுக்கு இடம் வந்திருக்கு. பிறந்த தேதி சொல்லுங்க, சரிபாத்துக்கறேன். நாளைக்கு மத்தியானத்துக்குள்ள முன்பணம் கட்டிடணும்."

எனக்கு உச்சந்தலையில் மணி அடித்தது. காத்திருப்பவர்களின் பெற்றோரை அழைத்து ஏமாற்றும் கும்பலைப் பற்றி அந்த வாரம்தான் எங்கள் அலுவலகத்துக்குச் சுற்றறிக்கை வந்திருந்தது. அவசரம், பணம், பிறந்த தேதி. மூன்றும் வரிசையாக வந்து நின்றன. அவன் பேசிக்கொண்டிருக்கும்போதே கணினியில் பட்டியலைத் திறந்தேன். நாலு அப்படியே இருந்தது.

"தம்பி, உன் குட்டு வெளிப்பட்டுடுச்சு. இன்னொரு தடவை கூப்பிட்டா போலீஸ்தான்" என்று வைத்துவிட்டு, அந்த எண் இனி என்னை அழைக்கவே முடியாதபடி தடுத்துவிட்டேன்.

சாப்பாட்டு வேளையில் அதைச் சொல்லி எல்லோரையும் சிரிக்கவைத்தேன். பாவம் மட்டும் சிரிக்கவில்லை.

"ஒருவேளை நிஜமா இருந்தா?"

"நிஜமா இருந்தா பட்டியல்ல மாறியிருக்காதா? உங்களை மாதிரி ஆளுங்களை நம்பித்தான் அவனுங்க கடை நடத்தறானுங்க" என்றேன். வீட்டில் மூச்சு விடவில்லை. இல்லாத இடத்துக்கு மகளிடம் ஆசை காட்டுவானேன்?

சனிக்கிழமை என் ஃபோனில் இடம் நிரம்பிவிட்டது என்று மகளிடம் கொடுத்துப் பழைய படங்களை நீக்கச் சொன்னேன். ஐந்து நிமிட வேலை. அரை மணி வைத்திருந்தாள். திருப்பிக் கொடுக்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது.

"என்னடி?"

"ஒண்ணுமில்ல, சளி."

அன்றிலிருந்து அவள் சிரிப்பு நின்றது. நான் நாள் குறித்துவைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை, மகளின் தோழியுடைய அம்மா கூப்பிட்டார். தோழி அத்தனை ஒல்லி. எங்கள் வீட்டில் ஊசி என்றால்தான் தெரியும். பட்டியலில் ஊசி அஞ்சாவது.

"எங்களுக்குக் கிடைச்சுடுச்சுங்க! உங்களுக்கு எப்ப கூப்பிட்டாங்க?" என்று தேன் ஒழுகக் கேட்டார்.

நாலு இருக்கும்போது அஞ்சு எப்படி உள்ளே போகும்? ஊசியின் அப்பா பெயின்ட் வேலை குத்தகைக்காரர். அந்தக் கல்லூரி விடுதிக்குப் போன வருஷம் வெள்ளையடித்தது அவர்தான். நெருப்பில்லாமல் புகையுமா?

மகளிடம் சொன்னேன். துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிமிரவே இல்லை.

"விடும்மா."

"எப்படி விடறது? உன் இடத்தைத் தூக்கி அவளுக்குக் கொடுத்திருக்காங்க!"

"ஊசி மேல தப்பு இல்ல. நீ அங்க போகாத. உன் கால்ல வேணா விழறேன், போகாத."

இதுவரை எதற்கும் கெஞ்சாத பிள்ளை. அப்போதுதான் எனக்கு முடிச்சு அவிழ்ந்தது. இவளே கல்லூரிக்கு எழுதி, எனக்கு வேண்டாம், தோழிக்குக் கொடுங்கள் என்று சொல்லியிருக்கிறாள்! தியாகம் செய்து பார்க்கிற வயசு. வீட்டுக்காரரிடம் சொன்னதற்கு, "நீ நம்ம பொண்ணையே குற்றவாளிக் கூண்டுல ஏத்தற" என்றார். அவர் கட்சி அப்படித்தான் பேசும்.

மறுநாள் விடுப்புப் போட்டேன். மதிப்பெண் பட்டியல், படிவத்தின் நகல், தினமும் எடுத்துவைத்த பட்டியலின் அச்சு எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டு, மகளையும் இழுத்துக்கொண்டு கல்லூரிக்குப் போனேன். சேர்க்கைப் பிரிவுக்கு வெளியே ஒரு பெஞ்சு கிடந்தது. "நான் வரல" என்று அதில் உட்கார்ந்துவிட்டாள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று நினைத்துக்கொண்டு நான் உள்ளே போனேன்.

உள்ளே இருந்த எழுத்தர் பெண் என் கோப்பைத் தொடக்கூட இல்லை. நான் கத்தி முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, நீளமான நோட்டு ஒன்றை எடுத்துப் பிரித்தார்.

"நாலாம் நம்பர். வியாழக்கிழமை, பதினொண்ணு அஞ்சு. அம்மா எடுத்தாங்க. போலீஸ்ல கொடுப்பேன்னு சொல்லி வெச்சுட்டாங்க. பன்னெண்டு மணி, லைன் போகல. மூணு மணி, போகல. வெள்ளிக்கிழமை காலைல ரெண்டு தடவை, போகல. மத்தியானம் அடுத்த ஆளைக் கூப்பிட்டோம்."

"பட்டியல்ல நாலுன்னுதானே இருந்தது?"

"சேர்க்கை எல்லாம் முடிஞ்சதுக்கு அப்புறம்தாங்க பட்டியலை மாத்துவோம்." பிறகு கொஞ்சம் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அன்னைக்குப் பேசின பையன் வேலைக்குப் புதுசு. அவன் அழுதுட்டான்மா."

மேஜை மேல் ஒட்டியிருந்த தொலைபேசி எண்ணைப் பார்த்தேன். என் ஃபோனில் தடுத்துவைத்த எண்ணை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு இலக்கமாக ஒப்பிட்டேன். பழக்கதோஷம். இரண்டாவது முறையும் ஒப்பிட்டேன்.

"இனிமே ஏதாவது..."

"கூப்பிட்டு வராதவங்க பேரை எடுத்துடுவோம்மா. விதி அப்படி."

கோப்பை எடுத்துக்கொண்டு எழுந்தேன். என் பிள்ளையின் வாயருகே வந்த சோற்றை நானே தட்டிவிட்டிருக்கிறேன். தட்டிவிட்டதைப் பத்துப் பேருக்குச் சொல்லிச் சிரித்தும் இருக்கிறேன். கதவுக்கும் பெஞ்சுக்கும் நடுவில் பத்தடி இருக்கும். அந்தப் பத்தடிக்குள் நான் செய்ததைச் சொல்கிறேன், கேளுங்கள்: ஒரு பொய்யைத் தயார் செய்தேன். எத்தனை ஆயிரம் பொய் படித்தவள், எனக்கா வராது?

"ஏதோ கம்ப்யூட்டர் கோளாறாம்" என்றேன். "அவங்க தப்புதான். ஆனா ஒண்ணும் பண்ண முடியாதாம்."

மகள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். சனிக்கிழமைக்குப் பிறகு இன்றுதான் நேராகப் பார்க்கிறாள்.

"அந்த நம்பரை நீ பிளாக் பண்ணியிருந்தம்மா. படம் நீக்கிட்டு கால் லிஸ்ட்டையும் அழிக்கப் போனப்போ பாத்தேன். எனக்கு அந்த நம்பர் மனப்பாடம். உடனே கூப்பிட்டுக் கேட்டேன். ஊசி சேர்ந்து ஒரு மணி நேரம் ஆச்சுன்னாங்க."

இத்தனை நாள் நான் துப்பறிந்த ரகசியம் இதுதான். நான் செய்ததை என்னிடமிருந்தே மறைத்துவைத்துக்கொண்டு இந்தப் பிள்ளை துணி மடித்திருக்கிறாள்.

"ஏன்டி சொல்லல?"

"சொன்னா நீ அழுவ. அப்பா உன்னைச் சமாதானம் பண்ணுவார். என்னையும் பண்ணச் சொல்வார். எனக்கு என் அழுகையே இன்னும் முடியலம்மா. உன்னோடதையும் சேத்துப் பாக்கத் தெம்பில்ல."

அவள் கையைப் பிடித்தேன். உதறவில்லை, திருப்பிப் பிடிக்கவும் இல்லை. "கண்ணு, அம்மாவை..." என்று ஆரம்பித்தேன்.

"இப்ப மன்னிப்பு கேக்காதம்மா" என்றாள். "கேட்டா நான் பரவால்லன்னு சொல்லணும். பரவால்லன்னு எனக்குச் சொல்ல வரல."