சொல்ல வந்தவர்

கோட்டைச் சரிவில் பாதிதான் ஏறியிருந்தார்கள். மேலே நின்ற பர்ஹாத் கைப்பேசியைக் காதிலிருந்து எடுத்துவிட்டு, "இறங்குங்கம்மா, வீட்டுக்குப் போலாம்" என்றான்.

"இப்பத்தானடா வந்தோம். முலாம்பழம்கூட இன்னும் அறுக்கல."

"காத்து கிளம்புதும்மா."

பீபிசதா பாலைவனத்தைப் பார்த்தாள். புதர்களில் ஒரு குச்சிகூட அசையவில்லை.

"எங்கடா காத்து?"

"வரும்."

அப்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. வீட்டில் கணவர் பஜர்பாய் மூச்சுவாங்கிக்கொண்டு கிடந்தார். "தலைமாட்டுல உக்காந்து என்னையே முறைச்சுக்கிட்டு இருக்காத. அந்தக் கோட்டைய எங்கெங்க இருந்தோ வந்து பாக்குறாங்க, நீ ஒருநாளும் பாத்ததில்ல. போ" என்று காலையில் துரத்திவிட்டவர். துணைக்கு அவர் தங்கையை உட்கார வைத்துவிட்டு வந்திருந்தாள்.

கார் புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஓடியது. பக்கத்தில் மருமகள் அய்சுலு அவள் கையை விடாமல் பிடித்திருந்தாள்.

"ஏன்டி மூக்க உறிஞ்சுற?"

"மண்ணு, அத்தை."

"அவனுக்குக் காத்து, உனக்கு மண்ணு. எனக்கு மட்டும் ஒண்ணும் இல்லையா? டேய், அப்பாவுக்கு என்னடா?"

"கொஞ்சம் சோர்வா இருக்காராம்."

"போனப் போடு, பேசுறேன்."

"சார்ஜ் இல்லம்மா."

அவன் மடியில் கைப்பேசி ஒளிர்ந்தது. குப்புறக் கவிழ்த்தான்.

எங்கள் பக்கத்தில் சாவைப் பெற்ற பிள்ளை சொல்லக் கூடாது. மூத்தவர் ஒருவர் வந்து, உட்கார வைத்து, உலகத்தில் நிலைக்காததையெல்லாம் பேசி, கடைசியில்தான் பெயரைச் சொல்ல வேண்டும். அதுவரை அழவும் கூடாது. சொல்லாத சாவுக்கு அழுதால், உயிரோடிருப்பவருக்கு அழுததாகிவிடும்.

"ஒரே வார்த்தைடா," என்றாள் பீபிசதா. "வீட்டுல ஊரே கூடியிருக்கும். அடுப்பப் பாப்பேனா, வர்றவங்களப் பாப்பேனா? எனக்குன்னு இருக்கறது இந்த ரோடு மட்டும்தான். சொல்லு, அழுதுக்கறேன்."

பர்ஹாத்தின் பிடரி சிவந்தது. "மாமா வழியில நிக்கிறாரும்மா. அவர்கிட்ட பேசிக்கங்க."

"பொய்ய நீ சொல்லுவ, நிஜத்த மாமா சொல்லணுமா?"

அவள் கண்களை இறுக்கி மூடிக்கொண்டாள். கண்ணீர் வந்துவிடுமோ என்று பயமாக இருந்தது.

சாலையோரத் தேநீர்க் கடை வாசலில் அவள் அண்ணன் எஸ்பெர்கென் நல்ல கோட்டு போட்டுக்கொண்டு நின்றார்.

"நீங்க எங்கண்ணே இங்க?"

"சும்மா, இந்தப் பக்கம்..."

"இந்தப் பக்கம் ஒட்டகத்தத் தவிர என்ன இருக்கு?"

அவர் அவளை மரக்கட்டில் மேடையில் உட்கார வைத்தார். தேநீர் ஊற்றினார். தொண்டையைச் செருமினார்.

"அந்தக் கோட்டையக் கட்டினவன் இன்னிக்கு எங்கம்மா? எத்தன ராஜா இருந்தான், எல்லாரும்..."

"கோட்டைய இப்பத்தான் பாத்துட்டு வரேன். மேல சொல்லுங்க."

"ஏரிக்கு வர்ற பறவை இருக்கே, அது அங்கயே தங்கிடுதா? பனி விழுறதுக்கு முன்னாடி..."

"அண்ணே, பறவை வேண்டாம்."

"இருடி. முறையாச் சொல்ல விடு."

"சொல்லுங்க. வேண்டாம்னா சொன்னேன்?"

அவர் மறுபடியும் கோட்டையிலிருந்து தொடங்கினார். ராஜா வரைக்கும் வந்தார். அதற்கு மேல் குரல் வரவில்லை. பஜர்பாயும் அவரும் ஒரே படகில் வலை போட்டவர்கள். "என் தங்கச்சியக் கட்டிக்கடா" என்று கேட்டதே இவர்தான். மீசை துடித்தது. வாய் திறந்தது, மூடியது. பர்ஹாத் கார் கதவருகே தலையைக் குனிந்துகொண்டான்.

பீபிசதா பொறுத்திருந்து பார்த்தாள். சொல்லப் போவதில்லை. இவராலும் முடியாது.

அவர் முழங்கையைப் பிடித்தாள். சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னாள்.

"அண்ணே, உங்க மச்சான் போயிட்டாரு."

எஸ்பெர்கென் தொப்பியை முகத்தில் அழுத்திக்கொண்டு, "அய்யோ, என் கூட்டாளி!" என்று கதறினார். அய்சுலு ஓடிப்போய் பர்ஹாத்தைக் கட்டிக்கொண்டாள். கடைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டே வந்து எஸ்பெர்கெனின் தோளைத் தொட்டார்.

"போனது யாருய்யா, உங்க சொந்தமா?"

"ஆமா," என்றாள் பீபிசதா. "அவருக்கு ரொம்ப வேண்டியவரு. கொஞ்சம் தண்ணி கொண்டாங்க."

அண்ணனின் முதுகைத் தடவிக்கொடுத்தாள். அவருடைய கோட்டுக் கை தேநீர்க் கிண்ணத்துக்குள் நனைந்துகொண்டிருந்தது. எட்டி, கிண்ணத்தை நகர்த்தி வைத்தாள்.