துரைக்குப் பார்த்த பெண்

ரெங்கசாமி மருமகளிடம் பேசி இரண்டரை வருடம் ஆகியிருந்தது என்று சொன்னால் அது தப்பு. அவர் ஒருநாளும் பேசியதே இல்லை. காப்பாரில் இருக்கும் தங்கை மாரியாயிக்கு, உன் மகள்தான் என் வீட்டுக்கு வருகிறவள் என்று வாக்குக் கொடுத்திருந்தார். மகன் ராதாகிருஷ்ணனோ கேரி தீவு எஸ்டேட்டில் பிறந்த கோமதியைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு, மாலையும் கழுத்துமாகப் பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸ் வாசலில் வந்து நின்றான். பெரியவர் போ என்றும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. நாற்காலியை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விட்டார்.

அன்று முதல் வீட்டில் ஒரு சட்டம். ரெங்கசாமிக்கு ஏதாவது வேண்டுமானால் சுவரைப் பார்த்துச் சொல்வார். "குழம்புல உப்பு கம்மின்னு யாருக்காச்சும் தெரிஞ்சா சரி" என்பார். கோமதி மறுநாள் உப்பைக் கூட்டிவிடுவாள். அந்தச் சுவருக்கு மட்டும் கை கால் இருந்திருந்தால் எப்போதோ வீட்டை விட்டு ஓடியிருக்கும்.

மனிதரிடம் பேசாத பேச்சையெல்லாம் அவர் மீன்களிடம் பேசித் தீர்த்தார். பின்கட்டுப் பலகையில் முப்பது ஹார்லிக்ஸ் போத்தல்கள், போத்தலுக்கு ஒரு சண்டை மீன். ஒன்றை ஒன்று பார்த்தால் கண்ணாடியில் முட்டிக்கொண்டு சாகும் என்பதால் இடையிடையே அட்டை செருகியிருப்பார். ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்ற மனிதருக்கு இப்போது இதுதான் உத்தியோகம். ஆணா பெண்ணா என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார் என்று அந்த வட்டாரத்தில் பெயர். பிளாஸ்டிக் பையில் குஞ்சுகளைப் பிடித்துக்கொண்டு செந்தூலிலிருந்துகூட ஆட்கள் வருவார்கள்.

முப்பதில் அவருடைய உயிர், துரை என்கிற நீலம். ஒன்பது வருடமாகத் தலைமுறை தலைமுறையாக அவர் காத்துவந்த நிறம் அது. அந்த நீலத்தில் மிச்சம் இருந்த கடைசி ஆணும் துரைதான். இந்த மீனுக்கு மூன்று வயது என்பது கிழப்பருவம், துரைக்கு இரண்டு தாண்டிவிட்டது. இன்னும் ஒருமுறை குஞ்சு எடுக்காவிட்டால் அந்த நீலம் அதோடு சரி.

அதற்காகத்தான் நாலு மாதத்துக்கு முன் கிள்ளான் பாசாரில் ராஜாத்தியை வாங்கி வந்தார். வால் குட்டையான சாதி. அதில் ஆணும் பெண்ணும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், கண் தெரிந்தவன்தான் பிரிக்க முடியும். கொசுறாக மீன்காரன் ஒரு பழுப்பு நோஞ்சானையும் பைக்குள் போட்டுவிட்டிருந்தான். இதை லோங்காங் சாக்கடையில் விட்டுவிட்டால் தேவலை என்று அவர் சுவரிடம் சொன்னார். ராஜாத்தியை மட்டும் துரையிடம் விட்டார். இரண்டு முறை விட்டு இரண்டு முறையும் அடிதடி, துரையின் வால் கந்தலானதுதான் மிச்சம். பொல்லாத சிறுக்கி என்று ராஜாத்தியைத் திட்டினார். தன் கண்ணில் புரை விழுந்து உலகமே கஞ்சித் தண்ணீருக்குள் தெரிவதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

சொல்லாமல் எத்தனை நாள் ஓட்ட முடியும். ஒருநாள் வாசற்படியில் இடறி விழுந்தார். மகன் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனான். வலது கண்ணில் ஆபரேஷன் செய்து, பஞ்சு வைத்துக் கட்டி அனுப்பினார்கள். இடது கண்ணில் வெளிச்சமும் நிழலும்தான். குனியக் கூடாது, எதையும் தூக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் மகனை விட்டு ஓர் ஏற்பாடு செய்தார். துரையின் கண்ணாடித் தொட்டிக்கு நடுவே விளக்குச் சிம்னி ஒன்றை நிறுத்தி, அதற்குள் ராஜாத்தியை விடச் சொன்னார். ஒன்றை ஒன்று பார்த்துப் பழகட்டும், மூன்றாம் நாள் சிம்னியைத் தூக்கினால் கல்யாணம் என்பது கணக்கு. ஆனால் மறுநாளே, ரயில்வேயில் வேலை பார்த்த ராதாகிருஷ்ணனைக் கூட்ஸ் வண்டியோடு வடக்கே அனுப்பிவிட்டார்கள். மூன்றாம் நாள் விடிந்தபோது வீட்டில் இருந்தது கட்டுப்போட்ட மாமனாரும், பேச்சில்லாத மருமகளும், சுவரும்தான்.

காலையில் அவர் சுவரிடம் ஆரம்பித்தார். அந்தச் சிம்னியை யாராவது மெல்லத் தூக்கிவிட்டால் நல்லது என்றார். பதில் இல்லை. கொஞ்சம் உரக்கச் சொன்னார். கோமதி பக்கத்தில்தான் நிற்கிறாள் என்று அவளுடைய வளையல் சத்தத்தில் தெரிந்தது, ஆனால் தண்ணீர் அலையும் சத்தம் கேட்கவில்லை. இரண்டரை வருடத்தில் அவர் சொல்லி அவள் செய்யாத முதல் காரியம் இது. அவருக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ஆள் அல்லவா, கட்டிலை விட்டு இறங்கிச் சுவரைத் தடவிக்கொண்டே பின்கட்டுக்குப் போய்த் தொட்டிக்குள் கையை விட்டார்.

விட்ட கையை இன்னொரு கை பிடித்துக்கொண்டது. "தூக்காதீங்க மாமா. அது பொட்ட இல்ல. ஆம்பள."

அவர் அப்படியே நின்றுவிட்டார். மருமகள் தன்னைத் தொட்டதும், பேசியதும், தன் கண்ணைக் குறை சொன்னதும் ஒன்றாக நடந்ததால் எதற்குக் கோபப்படுவது என்று முதலில் விளங்கவில்லை. பிறகு மூன்றாவதற்கே கோபப்பட்டார். நேற்று வந்தவர்களுக்கெல்லாம் மீனைப் பற்றி என்ன தெரியும் என்று சுவரிடம் கத்தினார். கோமதி கையை விடவில்லை. துரைக்கு உடம்பில் தெம்பில்லை, இன்னொரு சண்டை வந்தால் தாங்காது, செத்துப்போகும் என்றாள். அந்த வார்த்தை அவர் நெஞ்சில் தைத்தது. அவளே நாற்காலியை இழுத்துப்போட்டு அவரை உட்காரவைத்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து, சுவரை விட்டுவிட்டு அவளிடமே கேட்டார். "வயித்துக்கு அடியில உப்புக்கல்லு மாதிரி வெள்ளப் புள்ளி இருக்கா?"

"இல்ல மாமா. துரையப் பாத்தா செவுள விரிக்குது. கீழ கறுப்பா தாடி தொங்குது."

"எல்லாப் பொட்டைக்கும் கொஞ்சம் இருக்கும்."

"இவ்வளவு இருக்காதுன்னு நீங்கதான சொல்லுவீங்க. போத்தல்ல நுரை வேற கட்டுது."

அதற்குமேல் வாதாட இடமில்லை. முட்டைக்கு நுரைக்கூடு கட்டுவது இந்த இனத்தில் ஆண்தான். ரெங்கசாமியின் முகம் சுருங்கிவிட்டது. ராஜாத்தி, ராஜாத்தி என்று நாலு மாதம் கொஞ்சியது ஒரு கடாமீசைக்காரனை என்றால் யாருக்குத்தான் சுருங்காது. நுரை எப்போதிருந்து இருக்கிறது என்று கேட்டார். இரண்டாவது சண்டைக்குப் பிறகு என்றாள். அப்படியானால் வாரத்துக்கு இரண்டு முறை வந்து போத்தல் போத்தலாகப் பார்க்கும் சிநேகிதர் பக்கிரிசாமி ஏன் சொல்லவில்லை என்று கேட்டார்.

கோமதி மெல்லச் சொன்னாள். "தெனம் காலையில நான் கரண்டியால எடுத்துப் போட்டுடுவேன் மாமா. அவரு பாத்தா பிரிக்ஃபீல்ட்ஸ் பூரா சொல்லிச் சிரிப்பாரு."

ரெங்கசாமி எழுவதற்கு முன் எழுந்து, அவருடைய மானத்தை ஒரு கரண்டியால் காப்பாற்றிக்கொண்டு இருந்திருக்கிறாள். இவரோ அவளை ஒருநாள்கூடப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. தங்கைக்குக் கொடுத்த வாக்குத் தவறியதில் பெற்ற மகன்மேல் காட்ட முடியாத கோபத்தை எல்லாம் இந்தப் பெண்மேல் காட்டிக்கொண்டிருந்தோம் என்பது அவருக்கு அந்த நாற்காலியில் உட்கார்ந்தபோது நன்றாகவே தெரிந்தது. வெட்கமாக இருந்தது.

இத்தனையும் எங்கே கற்றுக்கொண்டாய் என்று கேட்டார்.

"நீங்க சொல்லித்தான். மீனுங்ககிட்டப் பேசுவீங்கல்ல, அடுப்படிக்கு எல்லாம் கேக்கும்."

அப்புறம் அவள் சமையல்கட்டுக்குப் போய் ஒரு ஜாம் போத்தலோடு வந்தாள். லோங்காங்கில் விடச் சொன்ன அந்தப் பழுப்பு நோஞ்சான் அதில் இருந்தது. பாவமாக இருந்தது, கொசுப்புழு போட்டு வளர்த்தேன் என்றாள். இப்போது நன்றாகத் தேறி வயிறு உருண்டிருக்கிறதாம், அடியில் வெள்ளைப் புள்ளி பளிச்சென்று தெரிகிறதாம். ரெங்கசாமி போத்தலைக் கையில் வாங்கிக் கொஞ்ச நேரம் சும்மா பிடித்துக்கொண்டிருந்தார். பார்க்க முடியாதுதான், இருந்தாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

ராஜாத்தியை அதன் போத்தலுக்கே அனுப்பிவிட்டு, பழுப்பியைச் சிம்னிக்குள் விட்டார்கள். பழுப்பியின் உடம்பில் என்ன கோடு தெரிகிறது என்று மணிக்கொரு தரம் கேட்டார். குறுக்குக் கோடு என்றால் பயம், நெடுக்குக் கோடு என்றால் சம்மதம். அடுத்த நாள் மதியம் கோமதி நெடுக்குக் கோடு என்றாள். ஒரு கெத்தாப்பாங் வாதுமைச் சருகை மிதக்கவிட்டு, சிம்னியைத் தூக்கு என்றார். மறுபடி ஒருமுறை, தூக்கும்மா என்றார்.

அந்த மதியம் முழுவதும் அவர் கேட்கக் கோமதி சொன்னாள். துரை சருகுக்கு அடியில் நுரை கட்டிவிட்டான், கூப்பிடுகிறான், பழுப்பி வரமாட்டேன் என்கிறாள். வந்துவிட்டாள். இப்போது அவளை வளைத்துக் கட்டிக்கொண்டான். முட்டை விழுகிறது, வெள்ளை வெள்ளையாய், ரவை மாதிரி. துரை கீழே போய் ஒவ்வொன்றாய் வாயில் பொறுக்கிக் கொண்டுபோய் நுரையில் ஒட்டுகிறான். ரெங்கசாமி ஒன்பது வருடமாகப் பார்த்துப் பழகிய காட்சிதான், ஆனால் அன்று கேட்டபோது புதிதாக இருந்தது. துரை பழுப்பியை விரட்ட ஆரம்பித்ததும், அவள் வேலை முடிந்தது, இனி இருந்தால் கடித்துவிடுவான், எடுத்துவிடு என்றார். அவர் வாயை மூடுவதற்குள் கோமதி எடுத்துவிட்டிருந்தாள்.

நாலாம் நாள் குஞ்சுகள் தாமாக நீந்தின. துரையையும் பிரித்துத் தனியே விட்டார்கள். எண்ண முடியவில்லை, நூறு இருக்கும் என்றாள் கோமதி. நிறம் தெரிய இன்னும் இரண்டு மாதம் ஆகும். ஒன்றிரண்டாவது நீலமாக வராமல் போகாது என்று ரெங்கசாமி நம்பினார்.

அன்று சாயங்காலம் பக்கிரிசாமி வந்தார். கண்ணை விசாரித்த கையோடு பின்கட்டுக்கு வந்து தொட்டியைப் பார்த்தார். "அடேயப்பா. கடைசியில ராஜாத்தி வழிக்கு வந்துட்டா லா" என்றார்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், பெயர் பிழைத்திருக்கும். அடுப்படியில் கோமதி அம்மியில் அரைப்பதை நிறுத்திவிட்டாள். அவர் ஆமாம் என்றுதான் சொல்லப்போகிறார் என்று அவள் நினைத்திருக்க வேண்டும்.

"ராஜாத்தி ஆம்பள, பக்கிரி" என்றார் ரெங்கசாமி. "நாலு மாசமா எனக்குத் தெரியல. எம் மருமக கோமதிதான் கண்டுபுடிச்சா. இந்தக் குஞ்சு பூரா அவ எடுத்தது. போய் ஊரெல்லாம் சொல்லு."

பக்கிரிசாமி தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தார். யானைக்கும் அடி சறுக்கும் என்றார், மறுபடி சிரித்தார். ரெங்கசாமி அவரைத் தடுக்கவில்லை. கோமதி அடுப்படி வாசலில் வந்து நிற்பது நிழலாகத் தெரிந்தது. கட்டு இல்லாத கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கிக் கன்னத்தில் ஓடியதை அவர் துடைக்கவில்லை.

அவள் கிட்டே வந்து முந்தானையால் துடைத்துவிட்டாள். "அழாதீங்க மாமா, தையல் போட்ட கண்ணுக்கு ஆகாது" என்றாள்.

"சரிம்மா" என்றார் ரெங்கசாமி.