வன்னியபெருமாள் கடையில் ஒரு கன்னம்

1

இந்தக் கதைக்கு மூலம் ஒரு பழைய கிரீம் டியூப். ஹைட்ரோகுவினோன் என்று மருந்தின் பெயர் அச்சடித்திருந்தது. முகத்தில் விழும் மங்கு, கரும்புள்ளி எல்லாவற்றையும் வெளுக்கவைக்குமாம். டியூப் கிடைத்துவிட்டது, முகம்தான் கிடைக்கவில்லை. ஆகவே செல்லக்கனியை உண்டாக்கினேன்.

முதல் தொடக்கம்: 'எழுபத்தைந்தாம் ஆண்டு, தூத்துக்குடித் துறைமுகத்தில் அந்தி சாயும் வேளை, முத்தைப் போன்ற...'

வேண்டாம். இந்த ஊரைப் பற்றி எழுத வருகிறவர்கள் எல்லாரும் முத்தில் கால் வைத்துத்தான் வழுக்கி விழுகிறார்கள்.

2

இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு செல்லக்கனிக்கு இரண்டு கன்னத்திலும் மங்கு விழுந்தது. புருஷன் வன்னியபெருமாள் ஃபாரின் சாமான் கடை வைத்திருந்தார். கப்பல்காரர்களிடம் ஒரு பெட்டி கிரீம் வாங்கியவர் மனைவிக்கும் ஒரு டியூப் கொடுத்தார். அவசரப்பட்டு மகராசன் என்று சொல்லிவிடாதீர்கள். இடது கன்னத்துக்கு மட்டும்தான் கொடுத்தார்.

"ரெண்டும் வெளுத்துட்டா முன்னால எப்பிடி இருந்துச்சின்னு எவளுக்குத் தெரியும்? சரக்கு தீரட்டும், வலதுக்கும் தாரேன்."

அழுக்குத் துணியில் பாதியை மட்டும் துவைத்துக் காட்டி சோப்பு விற்றவர் அவர். அந்த மூளை வீட்டுக்குள்ளும் அப்படியே வேலை செய்தது.

(அடிக்குறிப்பு: ஸ்டூடியோ இருட்டறையில் போட்டோவைக் கறுக்கவைப்பதும் இதே மருந்துதான். இதை வைத்து ஒரு தத்துவம் பேச ஆசை வந்தது. அடக்கிக்கொண்டேன்.)

3

இடது கன்னம் தெளிந்தது. கல்லாவுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு அவளை உட்காரவைத்தார். பெண்கள் வந்து பார்த்தார்கள். சிலர் விரலால் தொட்டும் பார்த்தார்கள். அவளுக்கு உடம்பு கூசியது. ஆவணியில் எட்டயபுரத்தில் தங்கை கல்யாணம். அங்கே ஒரே நிறத்து முகத்தோடு போய் நிற்க வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை.

பெட்டி தீரும் நேரத்தில் வன்னியபெருமாள் இன்னொரு பெட்டிக்குச் சொல்லிவைத்தார்.

"கல்யாணத்துக்கும் இப்பிடியே வா. அங்கனயும் நாலு பேரு பாப்பாக."

[இந்த இடத்தில் அவள் அழுவதாக ஒரு பத்தி எழுதியிருந்தேன். அவள் அழவில்லை. பத்தியை அடித்துவிட்டேன்.]

4

புதுப் பெட்டி வந்த அன்று கான்வென்ட் டீச்சர் ஞானசௌந்தரி கடைக்கு வந்தார். கூடவே நாலைந்து பெண்கள்.

"ஏளா, டீச்சருக்குக் கன்னத்தைக் காட்டு," என்றார் வன்னியபெருமாள்.

செல்லக்கனி மங்கு விழுந்த வலது கன்னத்தைத் திருப்பினாள்.

"இதுலதான் போட்டேன் டீச்சர். முன்னால இதுவும் அந்தக் கன்னம் மாதிரிதான் தெளிவா இருந்துச்சி."

டீச்சர் கையிலிருந்த டியூபைக் கீழே வைத்தார். மற்றவர்களும் வைத்தார்கள்.

"பொய் சொல்லுதா டீச்சர்," என்றார் வன்னியபெருமாள். கடைக்காரர் பேச்சையும் ஒரு பொம்பளையின் முகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் யார் எதை நம்புவார்கள்?

5

முடிவு ஒன்று: விலைபோகாத சரக்கெல்லாம் அவளுக்கே வந்து, கல்யாணத்தில் ஜொலித்தாள். (கிரீம் கம்பெனிக்குப் பிடிக்கும்.)

முடிவு இரண்டு: டியூப்களை அள்ளிக் கடலில் கொட்டினாள். (விமர்சகர்களுக்குப் பிடிக்கும்.)

எதை எழுதலாம் என்று யோசித்தபோது செல்லக்கனி ஸ்டூலில் இருந்தபடியே என்னைக் கேட்டாள்.

"கதை தீருத வரைக்கும் நீங்களும் வலது கன்னத்தை இப்பிடியேதான வச்சிருந்தீக?"

எனக்குக் கோபம்தான் வந்தது. முடிவை உங்களிடமே தள்ளிவிட்டேன்.

ஒரு டியூப் உங்கள் கைக்கு எட்டும் அலமாரியில் இருக்கிறது. எடுத்து அவளிடம் கொடுங்கள். கொடுத்துவிட்டு, அந்த முகம் என்ன ஆயிற்று என்று பார்க்க நிற்காமல் கடையை விட்டு இறங்கிப் போக உங்களால் முடியுமா?