தாகேதாவில் நிரை மீட்பு

தோற்பதற்கென்றே தம்மை அழைத்திருக்கிறார்கள் என்பது கருப்பையாக் கோனாருக்கு மூன்றாம் நாள் பிற்பகலில்தான் தெரிந்தது.

அமெரிக்க மேய்ப்பர் படங்களை இரங்கூன் கொட்டகைகளில் பன்முறை பார்த்து மயங்கிய கோ லூன் என்னும் பர்மிய இளைஞன், தானும் அவ்வகையில் ஒன்று எடுக்கத் துணிந்திருந்தான். வேலிகள் பெருகி மேய்ச்சல் நிலம் சுருங்கும் காலம். முதிய மேய்ப்பர் இருவர். அவர்களிடம் எஞ்சிய ஒரு மந்தை. இதுவே கதை. அதற்கு அவன் நடிகரைத் தேடவில்லை. பசுண்டாங் ஓடைக்குக் கிழக்கே, தாகேதாப் புல்வெளியில் இருபத்திரண்டு கறவைகளை மேய்த்துப் பால் விற்றுவந்த அறுபத்தாறு வயதுக் கருப்பையாவையும், அவருடைய முப்பதாண்டுக் கூட்டாளி பர்கத்துல்லாவையும் பிடித்து, அகன்ற தொப்பி அணிவித்து, வாடகை வண்டிக் குதிரைகள்மேல் ஏற்றிவிட்டான்.

"இந்தக் கால்சட்டையில ஒக்காரவும் முடியல, நிக்கவும் முடியல, கோனாரே. வெள்ளைக்காரன் எப்பிடித்தான் மாடு மேய்க்கிறானோ!" என்றார் பர்கத்துல்லா.

"பேசாம இரும் பாய். ஒம்ம தாடிக்கு அந்தத் தொப்பி எடுப்பாத்தான் இருக்கு."

அன்று காலை முழுதும் மேகம் மறைத்திருந்தது. வெயில் தெளிந்தபோது மூன்றரை மணி. தமிழர் தெருவில் வளர்ந்த கோ லூன், இறுதிக் காட்சியைத் தமிழிலேயே விளக்கினான். பந்தயக் குதிரை லாயத்து இளைஞர் மூவர், ஜமால் என்பவன் தலைமையில், கள்வராக நின்றார்கள்.

"இவங்க மந்தைய ஓட்டிக்கிட்டுப் போறாங்க. நீங்க ரெண்டு பேரும் தொரத்துறீங்க. முடியல. நின்னு பாக்குறீங்க. படம் முடிஞ்சிது."

"எங்க மாட்டையா?"

"கதையிலதான், ஊ கருப்பையா," என்றான் கோ லூன், பெரியவர்களுக்குரிய பர்மிய அடைமொழி சேர்த்து.

"கதைன்னாலும் மூஞ்சி என் மூஞ்சிதானே, ஸயா? பெகு, மாந்தலேன்னு ஊரூரா காட்டுவீங்க. நான் செத்த பொறவும் மந்தையப் பறிகொடுத்தவனா அதுல நின்னுக்கிட்டே இருப்பேன். ஆகாது." கருப்பையா குதிரையிலிருந்து இறங்கிவிட்டார்.

பகைவர் கவர்ந்த ஆநிரையை மீட்கக் கரந்தைப் பூச் சூடிச் சென்றவரைத் தமிழ் பாடியிருக்கிறது. மீட்டு வந்தவனுக்கு ஆர்ப்பும் விழாவும். மீட்கையில் வீழ்ந்தவனுக்கு நடுகல். பறிகொடுத்துவிட்டு நின்று பார்த்தவனுக்கு அங்கே பாட்டும் இல்லை, கல்லும் இல்லை. கருப்பையா ஏடு தொட்டவரல்லர். ஆயினும் அந்த நெறி அவரிடம் வழுவாமல் வந்து சேர்ந்திருந்தது.

கோ லூன் கெஞ்சினான். ஒரே ஒரு பெட்டிப் படச்சுருள்தான் மிஞ்சியிருந்தது. இரவல் வாங்கிய படக்கருவியை மறுநாள் காலையில் திருப்பித் தரவேண்டும். கருப்பையா குதிரைகளைப் பார்க்கவில்லை. தம் பசுக்களின் மடிகளைப் பார்த்தார். மூன்று மணிக் கறவை தவறியதால் அவை கனத்துத் தொங்கின.

"ஒண்ணு செய்வோம். ஒங்க பசங்க நெசமாவே ஓட்டிக்கிட்டுப் போகட்டும். மாடு ஓடைத் தண்ணியில கால வச்சிட்டா நான் தோத்தேன். நீங்க சொன்னபடி நின்னு பாக்குறேன். அதுக்குள்ள திருப்பிட்டேன்னா, திருப்பினதோடதான் படம் முடியணும்."

"பெரியவரே, குதிரை மேலயே தூங்கிடாதீங்க!" என்று ஜமால் சிரித்தான். இளைஞரே வெல்வார்கள் என்பதில் கோ லூனுக்கும் ஐயமில்லை, ஒப்புக்கொண்டான்.

கருப்பையா பர்கத்துல்லாவின் காதில் ஏதோ சொன்னார். பாய் உடனே தம் குதிரையைத் திருப்பி, ஓடைக்கு எதிர்ப்புறம், கொட்டிலை நோக்கி விரைந்தார்.

"பாய் இப்பவே ஓடிட்டாரு!" என்று இளைஞர் கூவினர்.

கருவியின் கைப்பிடி சுழன்றது. கள்வர் மூவரும் மந்தையை வளைத்து மேற்கே விரட்டினர். கருப்பையா மீண்டும் குதிரையேறித் தனியே பின்தொடர்ந்தார். வண்டிக் குதிரை பந்தயக் குதிரைக்கு ஈடாகுமா? இடைவெளி வளர்ந்தது. புழுதி அடங்கிய இடத்தில் ஓடை மின்னியது. முன்னே சென்ற செவலைப் பசுவுக்கும் தண்ணீருக்கும் இடையே ஐம்பது அடிதான் இருந்தது.

அவர் குதிரையை நிறுத்தித் தொப்பியைக் கழற்றித் தலைக்குமேல் வீசினார். கொட்டிலில் காத்திருந்த பர்கத்துல்லா அடைப்பை நீக்கினார். பசித்திருந்த கன்றுகள் அத்தனையும் வெளியே பாய்ந்து ஒருசேரக் கதறின. கீழைக்காற்று அக்குரலை ஏந்திச் சென்றது.

இறைவனை எண்ணிக் கசியும் நெஞ்சுக்குக் கன்றை நினைந்த பசுவை அடியார்கள் உவமை சொன்னார்கள். அது எத்துணை மெய் என்பதை அன்று அப்புல்வெளி கண்டது. செவலை நின்றது, செவி நிமிர்த்தது, அடிவயிற்றிலிருந்து ஒரு குரல் கொடுத்துத் திரும்பியது. ஜமாலின் சவுக்கை அது பொருட்படுத்தவில்லை. அவன் குதிரை மிரண்டு முன்னங்கால் தூக்க, அவன் சேற்றில் விழுந்தான். இருபத்திரண்டும் திரும்பின. நிலம் அதிர, மடியிலிருந்து பால் பீறிட்டுப் புல்லில் சிந்த, கன்றுகளை நோக்கிப் பறந்தன. அவற்றின் முன்னே, குடுமி அவிழ்ந்து காற்றில் பறக்க, கருப்பையா குதிரையில் வந்தார்.

மந்தை நேரே கருவியை நோக்கி வந்தது. படம்பிடிப்பவன் ஓடிவிட்டான். கோ லூன் பாய்ந்து கைப்பிடியைப் பற்றினான். பசுக்கள் இருபுறமும் பிரிந்து பாய, சுருள் தீரும்வரை அவன் சுழற்றிக்கொண்டே இருந்தான்.

"இது ஏமாத்து!" என்று சேறு வழிய வந்தான் ஜமால். "கன்னுக்குட்டிய அவுத்துவிட்டு..."

"மாட்டுக்காரன் எதுக்குடா குதிரையோட ஓடணும்? மாடு எங்கிட்ட வந்தாப் போதாதா?" என்றார் கருப்பையா. கோ லூன் புல்லில் அமர்ந்து வயிறு குலுங்கச் சிரித்தான்.

சொன்ன சொல்லை அவன் காத்தான். மாசியில் அப்படம் இரங்கூனின் மிங்கலா தாங்ஞுன்ட் பகுதிக் கொட்டகைக்கு வந்தபோது, மந்தை திரையை நிறைத்துப் பாய்ந்த கணத்தில் முன்வரிசையார் பலகைமேல் ஏறி நின்று ஆர்த்தனர். மறுபடியும் ஓட்டாமல் ஒருவரும் கலையவில்லை.

"செவலை பின்னங்கால நொண்டுது பாரும். அன்னிக்கு நான் கவனிக்கவே இல்ல," என்றார் கருப்பையா.

"அட, ஒம்ம மூஞ்சியப் பாருமய்யா!" என்று பர்கத்துல்லா அவர் தோளைக் குலுக்கினார்.

மூன்றாம் முறை ஓட்டியபோதுதான் கருப்பையா தம் முகத்தைப் பார்த்தார். அவ்வளவு வாய்விட்டுச் சிரித்துக்கொண்டா வந்தோம் என்று அவருக்கே வியப்பாயிருந்தது.