கூட்டம் தின்ற நகரம்

ஆடிக் கிருத்திகைக்கு முந்தின நாள். திருத்தணிக் கடைத்தெருவில் காவடிகள் நகர இடமின்றி நின்றன. தன் செல்போன் பழுதுபார்க்கும் கடைக்குள் சூர்யபிரகாஷ் மட்டும் தலை நிமிரவில்லை. அவன் கையிலிருந்த திரையில், அவனுடைய நகரம் பட்டினியால் செத்துக்கொண்டிருந்தது.

அது செல்போனில் இருவர் ஆளுக்கொரு நகரம் கட்டி ஆடும் விளையாட்டு. ஒருவர் தம் முறையை முடித்த பின்பே மற்றவர் ஆடலாம். எதிரே ஆடுபவள் அவன் மனைவி கவிப்பிரியா. சித்திரையில் கோபித்துக்கொண்டு திருவாலங்காட்டுத் தாய்வீட்டுக்குச் சென்றவள், அவன் அழைப்பை அதன்பின் எடுத்ததே இல்லை. ஆனால் மணமான புதிதில் தொடங்கிய இந்த ஆட்டத்தில் தன் முறையை மட்டும் நாள் தவறாமல் ஆடிவந்தாள். இருவருக்கும் இடையே மிஞ்சியிருந்தது அந்த ஒற்றை நூல்தான். அவனுக்கு இருப்பதோ ஒரே நகரம். அதன் கடைசிக் குடியும் போய்விட்டால் ஆட்டம் முடிந்துவிடும், நூலும் அறுந்துவிடும்.

தவறு அவனுடையதே. கோயிலூரில் வளர்ந்தவனுக்குக் கூட்டம் என்றால் பிழைப்பு. கூட்டம் வந்தால் பூ விற்கும், இட்லி விற்கும், ஊர் செழிக்கும். ஆகவே விளையாட்டிலும் குன்றின்மேல் கோயில் எழுப்பினான். சத்திரம் சத்திரமாகக் கட்டினான். வயலுக்கென ஒரு கட்டம்கூட ஒதுக்கவில்லை. மக்கள்தொகை ஏற ஏற மகிழ்ந்தான். அங்கே வந்தவர்களோ எதையும் வாங்கவில்லை, உண்டார்கள். களஞ்சியம் துடைத்துவிட்டாற்போலக் காலியாயிற்று. சமவெளியில் நெல் விளைத்துக் குவித்திருந்த கவிப்பிரியா, அவன் தானியம் கேட்டபோதெல்லாம் மறுத்துவிட்டாள்.

"இன்னா பிரகாசு, ஆளு வந்து நின்னுகினு கீது, நீ போனுக்குள்ள குடித்தனம் பண்ற?" என்றார் பக்கத்துப் பூக்கடைப் பரந்தாமன்.

"ஊரு போயிடும்போல கீதுண்ணா."

"பொண்டாட்டி போனப்பகூட இப்டி மூஞ்சி வாடலியே நீ."

சூர்யபிரகாஷ் ஆட்டத்தின் செய்திப் பெட்டியில் கவிப்பிரியாவிடம் மீண்டும் கெஞ்சி எழுதினான்: "கவி, ஒரு வண்டி நெல்லு அனுப்பு. இல்லாங்காட்டி ஆட்டமே முடிஞ்சிடும்."

"சத்திரத்த மூடு பாவா. எப்பவும் கூட்டத்த கூப்டறது நீ, பொங்கிப் போடறது நானு. ஜொரத்தோட வடிச்சேனே, மறந்துட்டியா?" கணவனைப் பாவா என்றே அழைக்கும் கவிப்பிரியாவின் பதில் திரையில் வந்தது.

மறக்கவில்லை. பங்குனியில் காய்ச்சலில் நடுங்கியவளை ஒரு வார்த்தை கேளாமல், பெரியப்பா வீட்டார் அனைவரையும் அழைத்து வந்தவன் அவன்.

சத்திரங்களை இடித்தான். மக்கள் சாரிசாரியாக வெளியேறினர். ஒற்றைக் குடி மிஞ்சியது. அதற்கும் அடுத்த வேளைக்குச் சோறில்லை. தன் முறையை முடித்தான். இனி அவள் நெல் அனுப்பாமல் தன் முறையை முடித்தால் போதும், நகரம் இல்லை.

அப்போதுதான் ஆர்.கே.பேட்டை அத்தை நினைவுக்கு வந்தார். மாலையில் அவர் குடும்பத்தோடு வந்து தங்குவதாக ஏற்பாடு. அழைத்தவன் இவனே. அத்தை போய்க் கூப்பிட்டால் சமைக்கவாவது கவி வருவாள் என்று கணக்குப் போட்டிருந்தான். நினைக்கவே கூசியது. அத்தைக்குப் போன் போட்டான்.

"அத்தே, இந்த வாட்டி நம்ம வீட்ல தங்க முடியாது. கோவிச்சிக்காதீங்க."

"காவடியோட வர்றவங்கள வேணான்றியா? முருகன் கேப்பான்டா."

"கேக்கட்டும் அத்தே."

பிறகு கவிப்பிரியாவுக்கு எழுதினான்: "அத்தைய வர வேணாம்னுட்டேன்."

அவள் தன் முறையை இன்னும் முடிக்கவில்லை. வாசலில் நின்ற ஆள் சலித்துப் போய்விட்டார். ஒருவழியாகத் திரையில் ஒரு சிறு வண்டி அவன் குன்றேறி வந்தது. ஒரு முறைக்கு மட்டுமே போதுமான நெல்.

"இது ஒரு வேளைக்கு பாவா. நாளைக்கி நீ இன்னா பண்றன்னு பாக்கறேன்."