நூற்று நாற்பத்திரண்டு என்று அவள்தான் சொன்னாள்

1

இந்தக் கதையில் எனக்கு முதலில் கிடைத்தது ஆள் இல்லை, ஓர் எண். அதுவும் ஓசியில் கிடைத்தது.

பக்கத்துப் புதுக்கோட்டையிலிருந்து தூத்துக்குடிக்கு வருகிற பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஜன்னலோரத்தில் இருந்தவள் சொன்னாள், "மாப்பிளைக்கு அறிவு நூத்தியிருவத்தெட்டாம்."

"பொண்ணுக்கு?"

"கேட்டுச் சொல்லுதோம்னு சொல்லிருக்காவ."

அதற்குள் என் நிறுத்தம் வந்துவிட்டது. இன்னும் ஒரு நிறுத்தம் தள்ளி இறங்கியிருக்கலாம். கையில் மீன் இருந்தது. இறங்கிவிட்டேன். அன்றைக்கு மீன் கழுவும்போதெல்லாம் இதே யோசனைதான். கேட்டுச் சொல்கிறோம் என்றவர்கள் என்ன சொல்லியிருப்பார்கள்? அந்தப் பெண்ணைக் கேட்டுத்தான் சொல்லியிருப்பார்களா?

நடந்தது எனக்குத் தெரியாது, கண்ணுகளா. அதனால் நானே நடத்திப் பார்க்கிறேன். கூட வாருங்கள்.

2

முதல் ஆரம்பம்: "தூத்துக்குடித் துறைமுகத்தில் அன்று காலை ஒரு வெள்ளைக் கப்பல்..."

[விட்டுவிட்டேன். கப்பலைக் கொண்டுவந்து நிறுத்தினால் அதற்கு ஏதாவது வேலை கொடுக்க வேண்டும். என்னிடம் இல்லை.]

இரண்டாவது ஆரம்பம்: "மனித மூளையின் ஆற்றலை அளக்க அறிஞர்கள் பல்லாண்டுகளாக"

[எழுதும்போதே எனக்குக் கொட்டாவி வந்தது. உங்களுக்கு வராமல் இருக்குமா?]

மூன்றாவது: "அந்த வாரம் தூத்துக்குடியில் முட்டாள் என்று ஒருவர்கூட இல்லை."

இது நிற்கட்டும். வருஷம் எழுபத்தெட்டு, எழுபத்தொன்பது வாக்கில் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரப் பத்திரிகை, 'உங்கள் அறிவுத்திறன் எவ்வளவு?' என்று நாற்பது கேள்விகள் போட்டிருந்தது. அரை மணி நேரத்தில் எழுத வேண்டும். எத்தனை சரி என்று பார்த்தால் அதற்கு ஓர் எண் உண்டு. நூறு என்றால் சராசரி. நூற்று முப்பதைத் தாண்டினால் மேதை. விடைகள் அதே பக்கத்தின் அடியில் தலைகீழாக அச்சாகியிருந்தன. எழுதுவதும் நாமே, திருத்துவதும் நாமே, வெளியே போய்ச் சொல்லுவதும் நாமே.

ஊரில் யாருக்கும் நூறுக்குக் கீழே வரவில்லை. முடிவெட்டும் கடையில் நூற்றுப்பதினைந்து, தபாலாபீஸில் நூற்றிருபது, வக்கீல் வீட்டில் ஆளுக்கு நூற்று முப்பது. எல்லாரும் சராசரிக்கு மேலே ஏறிவிட்டால் சராசரி எங்கே போய் உட்காரும் என்று யாரும் கேட்கவில்லை.

(ஒருவேளை கேட்டிருக்கக்கூடியவர்கள் தொண்ணூறு வாங்கியவர்கள்தான். அவர்கள் அந்த வாரம் முழுக்க வாயே திறக்கவில்லை.)

3

இனி ஆட்கள். நிறைய வேண்டாம், பெயர் மறந்துவிடுவேன்.

வன்னியபெருமாள், கயிற்றுக்கடைக்காரர். கொழும்புக்குப் போகிற தோணிகளுக்குக் கயிறு, பாய்த்துணி, தார் எல்லாம் அவர் கடையில்தான். அவர் மகள் செண்பகம், கணக்கில் பட்டம் வாங்கிவிட்டு அப்பாவோடு கடையில் உட்காருகிறவள். அவளுக்கு ஓர் அம்மாவும் வேண்டும். ஆனால் இன்னொரு ஆளைச் சமாளிக்க எனக்குத் தெம்பில்லை. அம்மா அடுப்படியில் இருக்கிறாள், கரண்டிச் சத்தம் மட்டும் கேட்கும் என்று விட்டுவிடுகிறேன். மன்னியுங்கள் அம்மா.

மாப்பிள்ளை தளவாய். துறைமுகத்தில் இறங்குகிற மூட்டைகளைக் கணக்கெடுக்கிற வேலை. ஒருநாள் கயிறு வாங்கக் கடைக்கு வந்தவன், நைலான் கயிறு நல்லதா தேங்காய்நார் கயிறு நல்லதா என்று செண்பகத்தோடு வாதம் செய்தான். அவள் பேசி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. முடித்ததும், "அப்ப எனக்கு நாருலயே குடுங்க" என்றான். அவ்வளவுதான்.

[இங்கே அவனுடைய பல்வரிசையைப் பற்றி ஒரு பத்தி எழுதினேன். அடித்துவிட்டேன். அவளுக்கு அவனைப் பிடித்துவிட்டது. காரணம் மேலே இருக்கிறது, பல் அல்ல.]

4

தளவாயின் அம்மா செல்லத்தாயிடமிருந்து கேள்வியைக் கொண்டுவந்தவர் தரகர் மந்திரமூர்த்தி. நட்சத்திரம், உயரம், நகை எல்லாம் பேசி முடித்துக் காப்பியும் குடித்துவிட்டு, எழுந்திருக்கப் போகிறபோது சொன்னார்.

"மாப்பிளைக்கு அறிவு நூத்தியிருவத்தெட்டு. அவிய அம்மா நம்ம பிள்ளைக்கு எம்புட்டுன்னு கேட்டாவ."

"நூத்தி நாப்பத்தி ரெண்டு" என்றார் வன்னியபெருமாள், கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தி.

மந்திரமூர்த்தி மறுபடி உட்கார்ந்துவிட்டார். "அண்ணாச்சி, என்ன பேசுதீரு? பொண்ணு மாப்பிளையவிட ஒசரமா இருந்தா ஒத்துக்கிடுவாவளா? வயசுல மூத்து இருந்தா? இதுவும் அப்படித்தான. நூத்திப்பத்துன்னு சொல்லுவோம். மரியாதையான நம்பரு."

"நூத்திப்பத்து ரொம்பக் கொறவுவே. நூத்தியிருவது?"

"எட்டுதான் வித்தியாசம். மாப்பிளை வீட்டுக்கு உறுத்தும்."

"நூத்திப்பதினஞ்சு. அதுக்குக் கீழ எறங்க மாட்டேன்."

"கயிறா விக்கீரு?"

உள்ளேயிருந்து செண்பகம் வந்தாள். "எப்பா, எனக்குள்ள அறிவை ரெண்டு வேரும் சேந்து கொறைக்கியளே, எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியளா?"

"ஏளா, கொறைக்கல. சொல்லுததத்தான் கொறைக்கோம்."

"சொன்ன பெறவு அதுதான எனக்கு?"

வன்னியபெருமாள் வாசலில் கிடந்த தன் செருப்பைப் பார்த்தார். பிறகு தணிந்த குரலில், "ஒனக்கு அந்தப் பையனைப் பிடிச்சிருக்குல்லா?" என்றார்.

அவள் காப்பி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

5

கதையைக் கொஞ்சம் நிறுத்துகிறேன். எனக்கே ஒரு சந்தேகம்.

அந்த நூற்று நாற்பத்திரண்டு எதை அளந்தது? செண்பகம் கடையில் உட்கார்ந்துதான் கேள்விகளை எழுதினாள். அன்றைக்குக் காற்று சரியில்லை, தோணிகள் புறப்படவில்லை, கடையில் ஆளில்லை. அரை மணி நேரம் முழுசாகக் கிடைத்தது. மறுநாள் எழுதியிருந்தால், நடுவில் நாலு பேருக்குக் கயிறு அளந்து கொடுத்துவிட்டு வந்திருப்பாள். எண் தொண்ணூற்றைந்தில் நின்றிருக்கும். அப்படியானால் அது காற்றையும் சேர்த்து அளந்த எண். மேலும் அவள் கணக்குப் படித்தவள். 'இரண்டு, ஆறு, பன்னிரண்டு, இருபது, அடுத்தது என்ன?' என்ற மாதிரிக் கேள்விகளை மூன்று வருஷம் பழகியவள். பழகினதும் அறிவுதானா? இருக்கலாம். நீச்சல் பழகினவனை நாம் நீச்சல்காரன் என்றுதானே சொல்கிறோம். ஆனால் அவனுடைய நுரையீரலுக்கு நம்பர் போட்டு, அதை வைத்துப் பெண் கொடுக்கிறதில்லை.

நம்ம உப்பளத்தில் ஒரு கண்ணாடிக் குழாய் வைத்திருப்பார்கள். பாத்தித் தண்ணீரில் விட்டால் அது மிதந்து, உப்பு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று டிகிரிக் கணக்கில் காட்டும். தண்ணீரிடம் போய், 'நீ எத்தனை டிகிரி?' என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் தண்ணீர் என்ன சொல்லும்? மாப்பிள்ளை வீட்டில் எத்தனை என்று முதலில் விசாரிக்கும்.

[மேலே உள்ளது கொஞ்சம் பிரசங்கம் மாதிரி இருக்கிறது. ஆனால் குழாய் எனக்குப் பிடித்திருப்பதால் அடிக்கவில்லை.]

இன்னொரு சந்தேகம் அதைவிடப் பெரியது. விடைகள் அதே பக்கத்தில் இருந்தன. செண்பகம் பார்த்தாளா?

தெரியாது. அவளை உண்டாக்கினவள் நான், எனக்குத் தெரிய வேண்டாமா என்பீர்கள். நான் அவளைக் கடையில் உட்காரவைத்தேன், காற்றை நிறுத்தினேன், கையில் பென்சில் கொடுத்தேன். பிறகு அடுத்த பக்கத்துக்குத் தளவாயைக் கூட்டிவரப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது எழுதி முடித்திருந்தாள். "எத்தனை?" என்று கேட்டேன். சொன்னாள். எழுதிக்கொண்டேன். முடிவெட்டும் கடைக்காரர் சொன்னதை நம்பாத நான் இவள் சொன்னதை ஏன் நம்பினேன்? பாசம்தான். வேறென்ன.

6

இரண்டு முடிவுகள் தயாராக இருந்தன. இரண்டையும் காட்டுகிறேன்.

முதல் முடிவு. பெண் பார்க்க வருகிறார்கள். செண்பகம் நூற்றுப்பத்து என்கிறாள். கல்யாணம் நடக்கிறது. தளவாய் வீட்டில் மாதக் கணக்கைப் போடும்போது அவள் விடையைத் தெரிந்துகொண்டு, அவன் முதலில் சொல்லட்டும் என்று கொஞ்சம் காத்திருந்து, பிறகு சொல்கிறாள். எப்போதாவது முந்திக்கொண்டால் மாமியார் நிமிர்ந்து பார்க்கிறாள். பால் பொங்கி வழிந்தால், "நூத்திப்பத்துதான, பாவம்" என்கிறாள், அன்பாகத்தான். ஆயுசு முழுக்கக் கணக்கை மெதுவாகப் போட வேண்டும். அதைவிட, தன் பேச்சைக் கடைசிவரை கேட்டவனிடம் ஆரம்பமே பொய்.

இரண்டாவது முடிவு. அவள் நூற்று நாற்பத்திரண்டு என்கிறாள். செல்லத்தாய் தட்டைக் கீழே வைத்துவிட்டு, "நாங்க கலந்துக்கிட்டுச் சொல்லுதோம்" என்கிறாள். சொல்லவில்லை. செண்பகம் தலை நிமிர்ந்து கடையில் உட்கார்ந்திருக்கிறாள். நியாயமான முடிவு. எனக்குப் பிடிக்கவில்லை. அவளுக்கும் பிடிக்காது, கயிறு வாங்க அவன் இனி வேறு கடைக்குப் போவான்.

இரண்டையும் வைத்துக்கொண்டு, எதற்குப் போவது என்று தெரியாமலே அவர்களை வரவழைத்துவிட்டேன்.

7

ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம். பாயில் செல்லத்தாய், பக்கத்தில் தளவாய், சுவரோரம் மந்திரமூர்த்தி. கேசரி வந்தாயிற்று.

செல்லத்தாயைக் கொடுமைக்காரியாக எழுதத்தான் நினைத்திருந்தேன். ஆனால் வந்து உட்கார்ந்ததும், "ஏளா, நீயும் இங்கன உக்காரு, எதுக்கு நிக்கே" என்று பாயில் இடம் விட்டாள். இனி எப்படி அவளைக் கொடுமைக்காரி ஆக்குவது?

"எம் மவனுக்கு நூத்தியிருவத்தெட்டு" என்றாள், மகனின் முதுகைத் தடவிக்கொண்டே. "எங்க தெருவுல அவனுக்குத்தான் சாஸ்தி. வாத்தியாரு மவனுக்கே நூத்தியிருவத்தஞ்சுதான். ஒனக்கு எம்புட்டு தாயி?"

வன்னியபெருமாள் இருமினார். மந்திரமூர்த்தி சத்தமில்லாமல், வாயை மட்டும் அசைத்து, 'நூத்திப்பத்து' என்றார்.

செண்பகம் தளவாயைப் பார்த்தாள். "சொல்லுதேன் அத்தை. அதுக்கு முந்தி இவியகிட்ட ஒண்ணு கேக்கட்டா?"

"கேளு, கேளு."

"நீங்க விடையப் பாத்தியளா?"

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது.

கண்ணுகளா, சத்தியமாக நான் இதை எழுதிக் கொடுக்கவில்லை. ஊர் முழுக்க நம்பர் சொன்னார்கள். ஒருத்தர் இன்னொருத்தரை இப்படிக் கேட்டதில்லை. அதைக் கேட்டால் கேட்டவரையும் திருப்பிக் கேட்பார்கள் அல்லவா? மந்திரமூர்த்தி கண்ணை மூடிக்கொண்டார். இதோடு எழுந்து போய்விடுவார்கள் என்று நானும் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

தளவாய் கேசரியைப் பார்த்தான். முந்திரியை ஓரமாக ஒதுக்கினான்.

"பாத்தேன்" என்றான்.

ஒதுக்கிய முந்திரியை மறுபடி நடுவுக்குத் தள்ளினான்.

"எல்லாத்துக்கும் இல்ல. தெரியாததுக்குத்தான்."

"எம்புட்டு தெரியல?"

"பாதி."

வன்னியபெருமாளுக்குச் சிரிப்பு வந்து, அதையும் இருமலாக்கினார். செல்லத்தாய் சிரிக்கவில்லை. மகனின் முதுகிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

"ஏலே, நான் தெரு பூராவும் சொல்லிட்டு வந்திருக்கேனலே."

"நானா சொல்லச் சொன்னேன்?"

"நான் சொல்லும்போது நீ சும்மா இருந்தியேலே."

"நீ அம்புட்டு சந்தோசமா சொன்ன. நான் என்ன செய்ய?"

அவள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வேர்வைதான் என்று வைத்துக்கொள்வோம்.

தளவாய் செண்பகத்தின் பக்கம் திரும்பினான். காது சிவந்திருந்தது. ஆனால் நேராகப் பார்த்தான்.

"நீங்க பாத்தியளா?"

8

இங்கே நிற்கிறோம்.

'பாக்கல' என்று அவள் சொன்னால், அவன் மட்டும் பார்த்தவனாக, தன் அம்மா முன்னாலே தனியாக உட்கார்ந்திருப்பான். அப்புறம் கல்யாணமே ஆனாலும், அந்தச் சாயங்காலம் அவர்கள் நடுவே உட்கார்ந்திருக்கும்.

'நானும் பாத்தேன்' என்று சொன்னால் எல்லாரும் சிரித்துவிடுவார்கள். செல்லத்தாய்தான் முதலில் சிரிப்பாள். தேதி குறித்துவிடலாம். ஆனால் அவள் பார்க்காமல் இருந்து அப்படிச் சொன்னால், உண்மையைக் கொடுத்தவனுக்குப் பொய்யைத் திருப்பிக் கொடுத்தவள் ஆவாள். மந்திரமூர்த்தி குறைக்கப் பார்த்த அறிவை அவளே குறைத்துக்கொண்டவளும் ஆவாள். நிஜமாகவே பார்த்திருந்தாளோ? அப்படியானால் அதைச் சொல்லுகிறதற்கு அவளுக்கும் அவன் அளவுக்குத் துணிச்சல் வேண்டும்.

பஸ்ஸிலிருந்து பாதியில் இறங்கினவள் நான். இந்தத் தடவையும் இறங்குகிறேன். உங்களுக்குச் சீட்டு இருக்கிறது, உட்காருங்கள். அவள் என்ன சொன்னாள் என்று நீங்கள் சொல்லுங்கள். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: அவன் கேட்டுவிட்டு, அவள் சொல்லி முடிக்கட்டும் என்று குறுக்கே பேசாமல் காத்துக்கொண்டிருக்கிறான்.